உயிர் பிழைத்தால் போதுமா?

2020-ல் கொரோனா கடுமையாகத் தாக்கியவர்களில் பலருக்கு டாக்டர்கள் கழுத்தில் துளையிட்டு, மூச்சுக்குழலில் குழாய் பொருத்தினார்கள். சுவாச யந்திரத்திலிருந்து மெல்ல மெல்ல விடுவிக்க அது உதவியது.

குழாயை எடுத்ததும் துன்பம் தீர்ந்ததா? இல்லை! பலருக்குக் குரல் கம்மியது. சோறு தண்ணீர் விழுங்குவதே பெரும்பாடாயிற்று. வாரக்கணக்கில் படுத்த உடலில் வலுவில்லை. மனத்திலோ அச்சம்.

இத்தகையோருக்காக இங்கிலாந்தில் சர்ரே பகுதியிலுள்ள ஹெட்லி கோர்ட்டில், 2020 மே மாதம் சீக்கோல் நிலையம் திறக்கப்பட்டது. கழுத்துப் புண்ணுக்குச் சிகிச்சை, தசைக்குப் பயிற்சி, மனத்துக்கு மருத்துவம் ஆகிய மூன்றும் அங்கே திட்டமிடப்பட்டன.

கொள்ளைநோயோடு அந்த அக்கறையும் போய்விடலாகாது. யந்திரம் வாங்கப் பணம் ஒதுக்கும் அரசாங்கங்கள், பேச்சுப் பயிற்சியாளரை நியமிக்கவும் ஒதுக்க வேண்டும். உயிரைக் காப்பது பாதி வேலை. வீட்டாரோடு பேசிச் சிரித்துச் சாப்பிட வைப்பதே மீதி வேலை.