வண்டியில் ஒரு சிவப்பு சிலிண்டர்



சென்ற மாதம் ஒரு மாலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு ராஜபாளையம் திரும்பிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் கூட்டம் தெரிந்தது. சாலையோரம் ஒரு பைக் எரிந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்த தம்பி பத்தடி தள்ளி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். நல்லவேளை, அவருக்குக் காயம் ஏதும் இல்லை.

நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். ஒருவர் 101-க்குப் பேசினார். இருவர் கையால் மண்ணை அள்ளி வீசினார்கள். இன்னொருவர் பதற்றத்தில் குடிநீர் பாட்டிலைத் திறந்து ஊற்றிவிட்டார். தண்ணீர் ஓடிய பக்கமெல்லாம் பெட்ரோலும் மிதந்து ஓட, தீ தரையில் இறங்கியது. எல்லோருக்கும் உதவும் மனம் இருந்தது. உதவ எங்கள் கையில் எதுவும் இல்லை.

அப்போது பின்னால் வந்த ஒரு பழைய பைக் நின்றது. நடுத்தர வயதுக்காரர், மில் வேலை முடிந்து வீடு திரும்பியவர். பக்கவாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு சிறிய சிவப்பு சிலிண்டரை எடுத்தார். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். காற்று முதுகில் படும்படி நின்றுகொண்டு, பின்னை உருவி, தீயின் அடியைப் பார்த்து அழுத்தினார். எட்டுப் பத்து வினாடிதான். வெள்ளைப் புகைபோல் பொடி எழுந்து அடங்கியபோது தீ இல்லை.

இதை ஏன் வண்டியில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "மில்லுல பஞ்சு பத்துச்சுன்னா ஆள் வரட்டும்னு நிக்க மாட்டோம் அண்ணாச்சி. பக்கத்துல நிக்கிறவன்தான் மொத ஃபயர் சர்வீசு. ரோட்டுக்கு மட்டும் அது வேற கணக்கா?" என்றார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் இந்த இதழில் உங்கள் முன் வைக்கிறேன்.

நம் ஊர்களை நினைத்துப் பாருங்கள். ராஜபாளையத்தில் நூற்பாலைகள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்புகள். மல்லி வழியாகப் போனால் சிவகாசியின் பட்டாசும் தீப்பெட்டியும். மேற்கே, பங்குனி சித்திரையில் காய்ந்து நிற்கும் மலைப்புல். பஞ்சு, துணி, விறகு, வெடிமருந்து, புல் என்று தீ தேடும் பொருளெல்லாம் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. இவற்றுக்கு நடுவே திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. அதில் காலை ஷிஃப்டுக்கும் இரவு ஷிஃப்டுக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் இரு சக்கர வண்டியில்தான் போகிறார்கள்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊர்களிலும் தீயணைப்பு நிலையம் இருக்கிறது. அங்கிருப்பவர்கள் அழைத்த நொடியில் புறப்படுகிறவர்கள். ஆனால் எந்த ஊர் நிலையத்துக்கும் வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். பெட்ரோல் தீ அவ்வளவு நேரம் காத்திருக்காது. முதல் இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவருடையது. நம் சாலைகளில் அந்தப் பக்கத்தில் இருப்பவர் யார்? பைக்கில் வருகிற நீங்களும் நானும்தான்.

உலகம் இதை ஏற்கெனவே உணர்ந்திருக்கிறது. தோக்கியோ தீயணைப்புத் துறையில் தீயணைப்பு மோட்டார் சைக்கிள்களே தனிப் பிரிவாக இயங்குகின்றன. நெரிசலில் பெரிய வண்டிக்கு முன்னால் போய்ச் சேர்வது அவற்றின் வேலை. நம் நாட்டில் பேருந்திலும் பெட்ரோல் டேங்கர் லாரியிலும் தீயணைப்பான் இருந்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. இரு சக்கர வண்டிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. நாமாக முன்வந்து செய்ய வேண்டிய காரியம் இது.

பைக்கில் தீ எப்படிப் பிடிக்கிறது? வெடித்துப்போன பெட்ரோல் டியூப், எலி கடித்த வயர், கூடுதல் விளக்குக்கும் ஹாரனுக்கும் இஷ்டப்படி இழுத்த இணைப்பு, ஃபியூஸ் போனதும் அதன் இடத்தில் சுற்றிவைத்த கம்பி. விபத்தில் சாய்ந்த வண்டியிலிருந்து வழியும் பெட்ரோல் சூடான சைலன்சரில் படுவதும் உண்டு. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழும். ஆகவே முதல் தீயணைப்பான் நல்ல மெக்கானிக்தான். பெட்ரோல் வாடை அடித்தால் அன்றே வண்டியை அவரிடம் விடுங்கள்.

சிலிண்டர் வாங்க நினைப்பவர்களுக்கு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

ஏபிசி பவுடர் வகை, ஒரு கிலோ அளவு, ஐ.எஸ்.ஐ. முத்திரை. இந்த மூன்றும் இருந்தால் போதும். உள்ளே இருப்பது மோனோ அமோனியம் பாஸ்பேட் என்ற பொடி. தீச்சுவாலைக்குள் நடக்கும் வேதிவினைச் சங்கிலியை அது அறுத்துவிடுகிறது. துணி, மரம் போன்ற பொருள்களின் மேல் உருகிப் படிந்து காற்றையும் மறைக்கிறது. சிலிண்டரோடு சேர்த்துத் தூக்கினால் ஏறத்தாழ இரண்டு கிலோ கனம். சொந்தக்காரர் வீட்டுக்கு இரண்டு கிலோ பால்கோவாவை வண்டியில் வைத்துக் கொண்டுபோகிற நமக்கு அது பாரமே இல்லை. விலையும் ஒரு தரமான ஹெல்மெட்டின் விலைக்குள் அடங்கிவிடும்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் கவனம் வேண்டும். ஹேண்டிலில் வேண்டாம், திருப்பும்போது இடிக்கும். சைலன்சர் இருக்கும் பக்கமும் வேண்டாம். பைக்கானால் இடது பக்கப் பெட்டியில் வைக்கலாம், அல்லது கிராஷ் கார்டில் இரும்புக் கிளாம்ப் போட்டு இறுக்கலாம். ஸ்கூட்டர்காரர்கள் சீட்டுக்கு அடியில் வைக்க நினைப்பார்கள். தீ பிடிப்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான். எரிகிற சீட்டைத் திறந்து எப்படி எடுப்பது? கால் வைக்கும் பலகைக்கு முன்னால், ஒரே இழுப்பில் கைக்கு வரும்படி மாட்டுவதே நல்லது. வெயிலில் நாள் முழுக்க வண்டி நிற்கும் என்றால் ஒரு துணி உறை போட்டுவிடுங்கள்.

நம் சாலைகளின் குலுக்கலில் உள்ளே இருக்கும் பொடி அடியில் இறுகிப்போகும். மாதம் ஒருமுறை கழற்றி, தலைகீழாகப் பிடித்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். அளவுமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை, ஒரே ஒரு வினாடி அழுத்தினாலும் மறுபடி நிரப்பியாக வேண்டும். வால்வில் சிக்கிய பொடி வழியாக அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும். தேவைப்படும் நாளில் அது வெறும் சிவப்புக் குழாயாக இருக்கும்.

பயன்படுத்தும் முறையும் சிக்கலானது இல்லை. சாவியை அணைத்து, வண்டியை விட்டு விலகி, சுற்றி நிற்பவர்களைத் தள்ளி நிறுத்துங்கள். ஒருவரை 101-க்குப் பேசச் சொல்லுங்கள், 112 என்றாலும் சரி. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, காற்று உங்கள் முதுகில் வரும்படி நில்லுங்கள். ஆடிக் காற்று வீசும் நாளில் எதிர்ப்பக்கம் நின்றால் பொடி உங்கள் கண்ணில்தான் விழும், தீயும் உங்களை நோக்கி வரும். பின்னை உருவி, சுவாலையின் உச்சியை விட்டுவிட்டு அடியைக் குறிபார்த்து, இடமும் வலமும் வீசியபடி அழுத்துங்கள். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறக்கவே கூடாது. எட்டுப் பத்து வினாடிதான் கிடைக்கும். அதற்குள் அணையாவிட்டால் பின்வாங்கிவிடுங்கள். வண்டி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தக் கடைசி வார்த்தையை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. இறந்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு, உதவவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள். உதவ ஓடுகிற கால்கள் நம் ஊரின் பெருமை. ஆனால் எங்கே ஓடக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வெடிமருந்தில் ஆக்சிஜனைத் தரும் உப்பு கலந்தே இருக்கிறது. காற்றை மறைத்து அதை அணைக்க முடியாது. பட்டாசு எரிகிற இடத்தில் சிவப்பு சிலிண்டருக்கு வேலை இல்லை. விலகுங்கள், மற்றவர்களையும் விலக்குங்கள், நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

அதே காரணத்தால், தீபாவளிக்குப் பட்டாசு மூட்டையை பைக்கில் வைத்துக் கொண்டுபோவதை விட்டுவிட வேண்டும். 2021 தீபாவளி நாளில் புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பம் அருகே, ஸ்கூட்டரில் எடுத்துச்சென்ற நாட்டு வெடி வெடித்து ஒரு தந்தையும் அவருடைய சின்னஞ்சிறு மகனும் சாலையிலேயே உயிரிழந்தார்கள். தீயணைப்பான் வைத்திருக்கிறோம் என்ற தைரியத்தில் யாரும் அந்தத் தவறைச் செய்துவிடக் கூடாது.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து, அந்தப் புகையில் ஒரு தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். லித்தியம் பேட்டரி எரியும்போது பொடி மேல் சுவாலையை அடக்கலாம். உள்ளே இருக்கும் சூடு தணியாது, மறுபடி பற்றும். அதற்கு வெகுநேரம் ஏராளமான தண்ணீர் வேண்டும், தீயணைப்பு வீரர்கள் வேண்டும். தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். வாசலை மறித்து வண்டியை நிறுத்தாதீர்கள்.

மலைத் தீயும் அப்படித்தான். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டவர்களைத் தீ கொண்டுபோனது. செண்பகத்தோப்புப் பக்கமோ அய்யனார் அருவிப் பக்கமோ புல்லில் புகை கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நீங்களாக ஏறிவிடாதீர்கள்.

இவ்வளவு எல்லைகள் இருந்தும் இந்தச் சிலிண்டரை ஏன் வற்புறுத்துகிறேன்? சிறு தீயாக இருக்கும்போதே தீயைத் தடுக்க முடியும் என்பதால்தான். ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எத்தனை வண்டிகள் வருகின்றன! ஒன்றோடொன்று உரசும்படி வரிசையாக நிறுத்துகிறோம். 2019 பிப்ரவரியில் பெங்களூரு விமானக் கண்காட்சிக்கு வந்தவர்கள் நிறுத்தியிருந்த கார்களில், காய்ந்த புல்லில் பற்றிய தீயால் ஏறத்தாழ 300 கார்கள் எரிந்தன. ஒரு வண்டியில் இருக்கும்போது அந்தத் தீ ஒரு கிலோ பொடிக்கு அடங்கியிருக்கும். நூறாவது வண்டிக்குப் போன பிறகு ஊரே திரண்டாலும் அடங்காது. வரிசையில் பத்து வண்டிக்கு ஒன்றிலாவது தீயணைப்பான் இருக்கும் ஊராக நம் ஊர்கள் மாறினால், திருவிழாவுக்கு வருகிற அத்தனை பேருக்கும் அது காவல்.

இன்னொரு வேண்டுகோள், வீட்டுப் பெரியவர்களுக்கு. தீக்காயத்தின் மேல் பேனா மை, தோசை மாவு, பற்பசை எதையும் பூசாதீர்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி, சுத்தமான துணியால் தளர்வாக மூடி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலின் தீயை அணைக்கப் போய் உயிர்விட்ட வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் அந்த நாளைத் தீத்தொண்டு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். அந்த வாரத்தில் தீயணைப்புத் துறையினர் செயல்முறை விளக்கம் தருகிறார்கள். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய், கேட்டுப் பழகுங்கள்.

நம் அலுவலகத்தில் ஐந்து இரு சக்கர வண்டிகள் இருக்கின்றன. ஐந்திலும் சிலிண்டர் மாட்டிவிட்டோம். எழுதுகிறவர் முதல் இதழ் கட்டுகிறவர் வரை எல்லோரும் அழுத்திப் பழகியிருக்கிறோம். அடுத்த முறை அந்தச் சாலையில் யாருடைய வண்டியாவது எரிந்தால் நான் வெறுங்கையோடு நிற்க மாட்டேன். நீங்களும் நிற்காதீர்கள். இந்த மாதச் செலவுக் கணக்கில் ஒரு சிவப்பு சிலிண்டருக்கு இடம் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்