ஐந்து பிராங்கும் நான்கு பருவமும்

"தண்ணியப் பார்க்கவும் காசோ?" என்று மச்சான் கேட்டார். லண்டனிலிருந்து ஆடி மாதத்தில் வந்திருந்தார். கனடாவிலிருந்து வரும் சொந்தங்களும் இசெல்ட்வால்டில் இதையேதான் கேட்பார்கள். பேர்ணில் வாழும் எனக்கு இதில் ஐயமே இல்லை: அந்தக் காசு நியாயமானது.

சுவிட்சர்லாந்தின் பிரியென்ஸ் ஏரிக்கரையில் ஏறக்குறைய 400 பேர் வாழும் ஊர் அது. 2019 இறுதியில் தொடங்கிய 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' என்ற கொரியத் தொடரில், நாயகன் அங்குள்ள சிறு மரத்துறையில் பியானோ வாசிக்கிறான். அதன் பிறகு அதே பலகையில் நின்று படம் எடுக்கச் சனம் திரண்டது. ஒடுங்கிய ஊர்த்தெரு பஸ்களால் அடைபட்டது. 2023இல் ஊராட்சி அந்த மரத்துறையின் வாசலில் சுழற்கதவு வைத்து ஐந்து பிராங் வாங்கத் தொடங்கியது. கரையில் நின்று ஏரியைப் பார்க்க இன்றைக்கும் காசில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. ஆடியில் வந்து அரை மணியில் திரும்புகிறவர் இந்த ஏரியின் ஒரு முகத்தைத்தான் பார்க்கிறார். ஆரே, லூட்ஷீனே ஆறுகள் பனிப்பாறை அரைத்த கல்லை மாவுபோல் அள்ளி வருகின்றன. கோடையின் அந்தப் பால்பச்சை அதனால் வருவது. மார்கழியில் பனி உருகுவது நின்றதும் பச்சை மங்கி நீலம் கருக்கும். சித்திரையில் மேல்மலை இன்னும் வெள்ளையாயிருக்க, கரையோரப் புல் துளிர்க்கும். ஐப்பசியில் எதிர்க்கரை பீச் மரங்கள் செம்பழுப்பாகும். இசெல்ட்வால்டிலிருந்து கீஸ்பாக் அருவிவரை கரையோரம் நடக்க ஒன்றரை மணி நேரம் போதும். அந்தப் பாதையில் இலையுதிர்காலத்தில் எதிரே வருகிறவர்கள் மிகக் குறைவு.

இந்த அழகுக்குள் கடினமான வாழ்வும் உண்டு. ஆரே ஆற்றின் மேற்பகுதியில் உள்ள கிரிம்சல் அணைகள் மின்சாரத்துக்காகக் கோடைநீரைத் தேக்கிக் குளிர்காலத்தில் விடுகின்றன. அதனால் முன்பு கோடையில் வந்த கல்தூளில் ஒரு பங்கு இப்போது குளிரில் வந்து சேர்கிறது. மறுபுறம், கழிவுநீர் சுத்திகரிப்பால் நீரில் பாஸ்பரஸ் குறைந்தது. நீர் தூய்மையானது, நுண்ணுயிர்களும் குறைந்தன, மீன் சிறுத்தது, வலைக்காரரின் வருமானமும் விழுந்தது. படத்தில் பச்சையாக மின்னும் நீர் மீனுக்கு ஏழை நீர். நீரை மாசுபடுத்துவதை இதற்குத் தீர்வென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்கு ஏரி ஒரு பின்னணிச் சீலை அல்ல என்பதை வருகிறவர்கள் அறிய வேண்டும்.

கீஸ்பாக்கில் 1879 முதல் ஓடும் கயிற்றிழுவை ரயில் இருக்கிறது. அதன் மேல்முனையில் நிற்கும் பழைய ஹோட்டலை இடிக்கத் திட்டமிட்டபோது, 1983இல் சூழல் ஆர்வலர் பிரான்ஸ் வெபர் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி ஒரு அறக்கட்டளை அமைத்து அதை மீட்டார். யாரோ தந்த காசில்தான் இன்று நாம் அங்கே தேநீர் குடிக்கிறோம்.

ஆகவே மச்சானிடம் சொன்னதை எல்லாருக்கும் சொல்கிறேன். ஐந்து பிராங்கை முணுமுணுக்காமல் கொடுங்கள். முடிந்தால் புரட்டாதியிலோ பங்குனியிலோ வாருங்கள். இன்டர்லாக்கனில் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறுங்கள், ஓர் இரவாவது ஊரில் தங்குங்கள். ஐரோப்பாவை எட்டு நாளில் சுற்றிக்காட்டும் நம் பயண முகவர்களும் பட்டியலில் ஓர் ஊரைக் குறைத்து, அந்த நேரத்தை இங்கே கொடுக்கட்டும்.