‘சண்டை வடக்கே, நமக்கு என்ன?’

2025 மே 7 அன்று தொடங்கிய இந்திய–பாகிஸ்தான் மோதலின் அந்த நான்கு நாட்களில் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட ஆறுதல் ஒன்றுதான்: குண்டு விழுந்தால் ஜம்முவில் விழும், அமிர்தசரஸில் விழும், இங்கே வராது. ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கம்பெனி பஸ்கள் வழக்கம்போல ஓடின. ஒரகடத்தில் வழக்கம்போல ஷிஃப்ட் மாறியது. டீக்கடைத் தொலைக்காட்சிகளில் போர் விமானங்கள் பறந்தபடி இருந்தன. பார்த்த பலருக்கும் அது தூரத்து ஊரில் நடக்கும் விவகாரம்.

அண்டை நாட்டோடு பதற்றம் என்றால் அது எல்லையோர மாநிலங்களின் கவலை, தெற்கு எப்போதும் பத்திரம் என்ற இந்த நம்பிக்கை பழையது. படித்தவர்கள், படிக்காதவர்கள் என்ற பேதமில்லாமல் பரவியிருப்பது. அது பொய். அந்தப் பொய் மிக வெளிப்படையாகத் தெரிய வேண்டிய இடம், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம் வரையும் அங்கிருந்து வல்லம் வடகால், ஒரகடம் வரையும் விரிந்து கிடக்கும் இந்தத் தொழில் வழித்தடம்.

இங்கே வேலை செய்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டினால் போதும். 2020 ஜூன் 15 இரவு, லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீனப் படையினர் மோதினார்கள். இந்தியத் தரப்பில் 20 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. போர் வடக்கத்தியர்களுடையது என்று பேசுகிறவர்கள் முதலில் அந்தக் குடும்பத்தின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

அடுத்து நடந்தது ஸ்ரீபெரும்புதூருக்கு நேராக வந்தது. ஜூன் மாதம் முடிவதற்குள் சென்னையில் சீனச் சரக்குகள் அத்தனையையும் சுங்கத்துறை நிறுத்திச் சோதிக்கத் தொடங்கியது. ஃபாக்ஸ்கான் நிறுவனத்துக்கு வந்த 150க்கும் மேற்பட்ட சரக்குகள் துறைமுகத்தில் தேங்கின என்றும், தென்னிந்தியாவில் உள்ள அதன் இரண்டு ஆலைகளில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் அநேகமாக வேலையே இல்லாமல் விடுதிகளில் இருந்தார்கள் என்றும் ராய்ட்டர்ஸ் அப்போது எழுதியது. அந்த இரண்டில் ஒன்று இங்கே, சுங்குவார்சத்திரத்தில் இருக்கிறது. கல்வானுக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரம் எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்ணுக்கு வர வேண்டிய உதிரிபாகம் வரவில்லை; அவ்வளவுதான்.

கோவிட் காலத்தில் நின்றுபோன இந்திய–சீன நேரடி விமானங்களும் கல்வானுக்குப் பிறகு மீளவில்லை. 2025 அக்டோபர் 26 அன்று கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு இண்டிகோ விமானம் கிளம்பும்வரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த வானம் மூடியே கிடந்தது. ஒரு இயந்திரத்தைப் பொருத்தித் தர வேண்டிய சீனப் பொறியாளருக்கு விசா கிடைப்பது அரிதாக இருந்தது. கிடைத்தாலும் வேறு நாடு சுற்றித்தான் வர வேண்டியிருந்தது. மின்னணு ஆலைகள் நிறைந்த ஒரு பகுதிக்கு இது எத்தனை பெரிய தடையாக இருந்தது என்பதை அங்கே பராமரிப்புப் பிரிவில் இருக்கும் எந்த இளைஞரும் சொல்வார். எல்லையில் ஒரு தோட்டாவும் சுடப்படாத மாதங்களிலும் பதற்றம் இந்த ஆலைகளுக்குள் இருந்துகொண்டேதான் இருந்தது.

இந்த வழித்தடத்தின் சரக்கு இப்போது கடலை மட்டும் நம்பி இல்லை. ஹூண்டாய் கார் கப்பலில் போகும். ஐபோன் விமானத்தில் போகிறது. அமெரிக்க இறக்குமதி வரியை முந்திக்கொள்ள ஆப்பிள் நிறுவனம் சரக்கு விமானங்களை வாடகைக்கு அமர்த்தி, ஏறக்குறைய 600 டன் எடையுள்ள 15 லட்சம் போன்களை இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது என்ற செய்தி 2025 ஏப்ரல் 10 அன்று வந்தது. சென்னை விமான நிலையத்தில் 30 மணி நேரம் பிடித்த சுங்கச் சோதனை அதற்காக 6 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது என்றும் அதே செய்தி சொன்னது. அது வெளியான பன்னிரண்டாம் நாள் காஷ்மீரில் பஹல்காம் படுகொலை. அதற்கடுத்த இரண்டாம் நாள், ஏப்ரல் 24, இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. ஏப்ரல் 30 அன்று இந்தியாவும் மூடியது. மாதாமாதம் நீட்டிக்கப்பட்ட அந்தத் தடை ஆண்டு முடியும்வரை நீங்கவில்லை. லுஃப்தான்சா போன்ற ஐரோப்பிய நிறுவனங்களும் பாகிஸ்தான் வானைத் தவிர்த்துச் சுற்றிப் பறந்தன.

சுற்றிப் பறப்பது என்றால் கூடுதல் எரிபொருள். கூடுதல் எரிபொருளை ஏற்றினால் சரக்கையும் பயணிகளையும் குறைக்க வேண்டும், அல்லது நடுவழியில் எங்காவது இறங்கி நிரப்ப வேண்டும். ஏர் இந்தியாவின் வட அமெரிக்க விமானங்கள் வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கிப் போனது இதனால்தான். இந்தத் தடை ஓராண்டு நீடித்தால் சுமார் 60 கோடி டாலர் கூடுதல் செலவாகும் என்று அந்த நிறுவனம் அரசுக்கு எழுதியது. 2019இல், பாலாகோட் தாக்குதலுக்குப் பிறகு, பிப்ரவரி 27 முதல் ஜூலை 16 வரை பாகிஸ்தான் வான்வெளி மூடிக்கிடந்தபோது ஜூலை 2 வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் இழப்பு என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. அன்று அது அரசு நிறுவனம். அந்த 491 கோடியில் தென்காசிக்காரரின் வரிப்பணமும் இருந்தது, திருப்பூர்க்காரரின் வரிப்பணமும் இருந்தது. பாகிஸ்தானும் இதில் லாபம் பார்க்கவில்லை. 2025 ஏப்ரல் 24 முதல் ஜூன் 30 வரை 410 கோடி பாகிஸ்தான் ரூபாய் இழந்ததாக அதன் அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

“இதெல்லாம் பணக்கணக்கு. உயிர்க்கணக்கில் தெற்கு பத்திரம்தானே?” என்று மறுப்பவர்கள் உண்டு. பதில் சொல்ல ஸ்ரீபெரும்புதூரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

1987 ஜூன் 3 அன்று ராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் பொருட்களோடு போன இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் பெங்களூரிலிருந்து ஐந்து ஏஎன்–32 விமானங்கள், மிராஜ் 2000 போர் விமானங்களின் காவலோடு பறந்துபோய் யாழ்ப்பாணத்தின் மேல் 20 டன்னுக்கும் அதிகமான உணவையும் மருந்தையும் போட்டன. ஆபரேஷன் பூமாலை என்று அதற்குப் பெயர். அண்டை நாட்டின் வான்வெளிக்குள் அனுமதி கேட்காமல் இந்திய விமானப்படை நுழைந்த அந்த நாளை வரலாறு அறியும். எட்டு வாரத்துக்குள் ஜூலை 29 அன்று இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது, இந்திய அமைதிப்படை போனது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும் எண்ணற்ற ஈழத் தமிழர்களும் மடிந்தார்கள். விமானங்களை அனுப்பிய பிரதமர், அரசியலுக்கு வருமுன் இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியாக இருந்தவர். 1991 மே 21 அன்று விசாகப்பட்டினத்திலிருந்து விமானத்தில் சென்னை வந்து இறங்கி, இரவு காரில் ஸ்ரீபெரும்புதூர் வந்து சேர்ந்தார். அவர் கொல்லப்பட்ட இடத்தில் நிற்கும் நினைவிடத்தைத் தாண்டித்தான் இன்றும் கம்பெனி பஸ்கள் போகின்றன. அண்டை நாட்டுப் பதற்றம் தெற்கைத் தொடாது என்று இந்த ஊரில் நின்றுகொண்டு ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்?

அதற்கும் முன்பே, 1984 ஆகஸ்ட் 2 அன்று மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. கொழும்புக்குப் போகும் ஏர் லங்கா விமானத்தைக் குறிவைத்த பெட்டி அது; விமானத்தில் ஏறாமல் நிலையத்திலேயே வெடித்து 30க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. தமிழர்களுக்கு வான்வழிப் போரின் பாதிப்பு காஷ்மீர் செய்திகளிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றல்ல. பலாலி, கட்டுநாயக்க என்ற இலங்கை விமானத் தளங்களின் பெயர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. 1998 செப்டம்பர் 29 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டு 55 பேரோடு கடலில் விழுந்த லயன் ஏர் பயணிகள் விமானம், அந்தப் போரில் சாதாரண மக்கள் கொடுத்த விலைகளில் ஒன்று. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே மீண்டும் பயணிகள் விமானம் பறக்க 2019 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். ஒரகடத்திலிருந்து கிழக்கே போனால் தாம்பரம் விமானப்படை நிலையம். வடமேற்கே அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி, கடற்படையின் பி–8ஐ கண்காணிப்பு விமானங்களின் தளம். தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம். 2025 மே 7 அன்று நாடு முழுவதும் நடந்த குடிமைப் பாதுகாப்பு ஒத்திகைக்குத் தமிழ்நாட்டில் சென்னையும் கல்பாக்கமும் தேர்ந்தெடுக்கப்பட்டது காரணமில்லாமல் அல்ல. தஞ்சாவூரில் 2020 முதல் பிரம்மோஸ் தாங்கிய சுகோய் படைப்பிரிவு இருக்கிறது; சூலூரில் தேஜஸ் இருக்கிறது. வல்லம் வடகாலில் விண்வெளி, பாதுகாப்புத் தொழிலுக்கென்றே சிப்காட் பூங்கா அமைத்து, அங்கே ட்ரோன் சோதனை மையத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறது அரசு. 2019இல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை ஒரு முனை. போருக்கான கருவியைச் செய்யும் ஊர் போருக்கு வெளியே இருப்பதாக எதிரி நினைக்க மாட்டான். நாமும் நினைக்கக் கூடாது.

மே மாத மோதல் தொடங்கும் முன்பே, 3ஆம் தேதி, சென்னையிலிருந்து கொழும்பு சென்ற ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் விமானத்தில் பஹல்காம் சந்தேக நபர் இருக்கலாம் என்று சென்னைக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து தகவல் போக, விமானம் இறங்கியதும் முழுக்கச் சோதிக்கப்பட்டது. யாரும் அகப்படவில்லை. காஷ்மீரின் பதற்றம் சென்னைப் பயணிகளின் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்க்கப் பதினொரு நாள்தான் பிடித்தது. விமானங்களின் ஜிபிஎஸ் வழிகாட்டலைக் குழப்பும் போலிச் சமிக்ஞைகள் 2023 நவம்பர் முதல் எல்லைப் பகுதியில் நூற்றுக்கணக்கில் பதிவானது தெரிந்ததுதான். 2025 டிசம்பரில் மாநிலங்களவையில் விமானப் போக்குவரத்து அமைச்சர் தந்த பதிலில், இத்தகைய குறுக்கீடு பதிவான விமான நிலையங்களின் பெயர்களில் சென்னையும் இருந்தது.

வானத்தில் பயணிகளும் படைகளும் ஒன்றாக இருக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு உலகம் போதுமான சடலங்களைப் பார்த்துவிட்டது. 2014 ஜூலை 17 அன்று உக்ரைன் மேல் கோலாலம்பூர் நோக்கிப் பறந்த எம்எச்–17இல் 298 பேர். 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானில் ஈரானின் சொந்த ஏவுகணையே வீழ்த்திய உக்ரைன் விமானத்தில் 176 பேர். இரண்டு இடத்திலும் அந்த உயரத்தில் வான்வெளி மூடப்படவில்லை. 2019 பிப்ரவரி 27 அன்று ஸ்ரீநகர் அருகே புட்காமில் இந்திய ஏவுகணை இந்திய ஹெலிகாப்டரையே சுட்டது. விமானப்படையினர் ஆறு பேரும் தரையில் ஒரு பொதுமகனும் இறந்தார்கள். 2025 மே 8 இரவு பாகிஸ்தான் 36 இடங்களில் நூற்றுக்கணக்கான ட்ரோன்களை ஏவியபோது தன் பயணிகள் விமானப் போக்குவரத்தை நிறுத்தவில்லை என்று இந்திய ராணுவம் வரைபடத்தோடு காட்டியது. இந்தியா மே 9 அன்று 32 விமான நிலையங்களை மூடியது சரியான முடிவு. பயணம் தடைபட்டதற்காக அன்று கோபப்பட்டவர்கள் தெஹ்ரானை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஆபத்து மோதலோடு முடிவதும் இல்லை. மே 21 அன்று, சண்டை நின்று பதினொரு நாள் ஆன பிறகு, டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் சென்ற இண்டிகோ விமானம் ஆலங்கட்டி மழையில் சிக்கியது. விலகிப் போக லாகூர் கட்டுப்பாட்டு அறையிடம் அனுமதி கேட்டார் விமானி. மறுக்கப்பட்டது. 220க்கும் மேற்பட்ட உயிர்களோடு அந்த விமானம் புயலுக்குள்ளேயே பறந்து, மூக்கு உடைந்து தரையிறங்கியது. கோடை விடுமுறையில் காஷ்மீருக்குக் குடும்பத்தோடு போகும் தமிழர்கள் ஏறுவதும் அதே வழித்தட விமானங்களில்தான்.

‘நமக்கு என்ன’ என்ற இந்த நம்பிக்கை வெறும் அறியாமையாக இருந்தால் விட்டுவிடலாம். அது செய்யும் கேடு பெரியது. தன் வீட்டுக்கு வராது என்று நம்புகிறவர் போரை எளிதாகக் கேட்பார், எளிதாகக் கொண்டாடுவார். அரசிடம் கணக்குக் கேட்க மாட்டார். 2020இல் உதிரிபாகம் வராமல் நின்ற ஒப்பந்தத் தொழிலாளியின் நாள்கூலியைப் பற்றித் தெற்கிலிருந்து ஒரு பெரும் குரல் எழாததற்கு இந்த மனநிலைதான் காரணம்.

கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட ஒரே விடுதி வளாகத்தில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். அவசர காலத்தில் அவர்கள் எங்கே போக வேண்டும், யார் சொல்வார்கள் என்று அவர்களுக்குப் பயிற்சி தரப்பட வேண்டும். எல்லைப் பதற்றத்தால் ஆலை நின்றால் ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கூலி உண்டு என்று சட்டத்தில் எழுத வேண்டும். அரக்கோணம் கடற்படைத் தளத்துக்கு அருகிலேயே பரந்தூரில் விமான நிலையம் கட்டப்போகிறது அரசு. அந்தத் திட்டப் பகுதியிலுள்ள ஏகனாபுரம் மக்கள் தங்கள் நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். பதற்றக் காலத்தில் அந்த வானம் யாருடையது, பயணிகளுக்கா படைக்கா என்பதற்கான பதிலை, நிலத்தை எடுக்கும் முன்பே அந்த மக்கள் முன் வைக்க வேண்டும்.

இந்தக் கேள்விகளை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டிய முதல் பொறுப்பு ஸ்ரீபெரும்புதூர் உறுப்பினருக்கு. 2024 தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்காளர்களைக் கொண்டிருந்த மக்களவைத் தொகுதி அது.