வைன் கிளாஸும் மெஸ் டம்ளரும்

“கொண்டைக்கடலை சாலட், கீரை, சிறுதானியம்... இதுக்கெல்லாம் எந்த வைன் பாஸ் மேட்ச் ஆகும்? ரீல்ஸ்ல ஆளாளுக்குக் கிளாஸைச் சுத்திக் காட்டுறாங்க. ஹெல்த்துக்கும் நல்லதாமே?”

இந்த வாரம் நம்ம ‘மெஸ் டேபிள்’ பகுதிக்கு வந்த கேள்வி இது. கேட்டவங்க திருநின்றவூர்ல ரூம் எடுத்துத் தங்கி, ஷிப்ட் வேலைக்குப் போற ஒரு வாசகி. சுத்த சைவம். கேள்வியோட சேர்த்து, தினமும் என்ன சாப்பிடுறாங்கன்னும் எழுதியிருந்தாங்க. காலையில அஞ்சரைக்கு டீ, ஷிப்ட் நடுவுல இட்லியோ பொங்கலோ அதோட ஒரு டீ, மதியம் சாம்பார் சாதம், கீரைக் கூட்டு, முடிச்ச கையோட இன்னொரு டீ. கேள்வியைவிட எனக்கு இந்த லிஸ்ட்தான் இன்ட்ரஸ்ட்டிங்கா இருந்துச்சு. ஏன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல வைன்.

அதுக்கும் முன்னாடி ஒரு விஷயம். தமிழ்நாட்டுல மது வாங்க 21 வயசு ஆகணும். உங்க காலமிஸ்ட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கிறது இருபது. அதனால இது முழுக்க முழுக்க தியரி பேப்பர். ப்ராக்டிகல் இல்லாம தியரியை மட்டும் பக்கம் பக்கமா எழுதுறது இன்ஜினீயரிங் பசங்களுக்குப் புதுசா என்ன?

வைனையும் சாப்பாட்டையும் சேர்த்துவைக்க பத்துப் பொருத்தமெல்லாம் பார்க்க வேண்டாம். மூணு போதும். புளிப்பு, காரம், துவர்ப்பு.

புளிப்புல ஒரு சுவாரஸ்யமான மேட்டர் இருக்கு. திராட்சையில, அதனால வைன்லயும், இருக்கிற முக்கியமான அமிலம் டார்ட்டாரிக் ஆசிட். நம்ம புளியில இருக்கிறதும் அதேதான்! அதாவது வத்தக்குழம்பும் வைனும் பங்காளிங்க. பங்காளிக்குள்ள எங்கேயாவது சம்பந்தம் பண்ணுவாங்களா? தட்டுல இருக்கிறது கிளாஸ்ல இருக்கிறதைவிடப் புளிப்பா இருந்தா, வைன் சப்புனு தண்ணி மாதிரி ஆயிடும். ரசத்துக்கு முன்னாடி முக்காவாசி வைன் அவுட்.

அடுத்தது காரம். மிளகாய்ல இருக்கிற கேப்சைசின் நம்ம நாக்குல சூட்டை உணர்ற நரம்பைத் தட்டி எழுப்புது. சூடே இல்லாம ‘சுடுது சுடுது’ன்னு கத்துறோமே, அதனாலதான். ஆல்கஹாலும் அதே நரம்பைத்தான் கிளப்பி விடுது. ரெண்டும் சேர்ந்தா எரியுற அடுப்புல எண்ணெய் ஊத்துன கதை. அதனாலதான் காரசாரமான ஆசியச் சாப்பாட்டுக்கு, ஆல்கஹால் கம்மியா, லேசா இனிப்பா இருக்கிற ரீஸ்லிங் மாதிரி வெள்ளை வைனைச் சொல்லுவாங்க.

மூணாவது துவர்ப்பு. சிவப்பு வைனுக்குத் தோலையும் கொட்டையையும் சேர்த்தே ஊற வைக்கிறதால, அதுல இருக்கிற டானின் இறங்கிடும். வாயில போனதும் எச்சில்ல இருக்கிற புரதத்தைப் புடிச்சுக்கும். நாக்கு வறவறன்னு ஆயிடும். வாழைப்பூவை வேக வைக்காம கடிச்சுப் பாருங்க, அதே ஃபீலிங். கறி, சீஸ் மாதிரி ஐட்டம் கூட இருந்தா டானின் அந்தப் புரதத்தையும் கொழுப்பையும் புடிச்சுக்கிட்டு நாக்கை விட்டுடும். கீரையும் காயுமா இருக்கிற தட்டுல அந்த வேலைக்கு ஆள் கம்மி. அதனால சைவத் தட்டுக்கு வெள்ளை வைன்தான் செட் ஆகும்னு அந்த ஊர் ஆளுங்க பொதுவா சொல்லுவாங்க.

சரி, ‘சைவத் தட்டு’ன்னு சொல்லிட்டோம். கிளாஸ் சைவமா? அங்கேதான் ட்விஸ்ட்! வைன் கலங்கலா இல்லாம பளிச்சுனு தெரியுறதுக்கு, அதுல சில பொருள்களைப் போட்டு கசடை அடியில இறக்குவாங்க. ரொம்ப காலமா இதுக்குப் பயன்படுறது முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், அப்புறம் மீனோட காற்றுப் பையிலிருந்து எடுக்கிற ஐசிங்கிளாஸ்! பெரும்பாலும் வடிகட்டி எடுத்துடுவாங்கதான். ஆனா ஒரு துளிகூடப் பிராணி சம்பந்தம் கூடாதுன்னு இருக்கிறவங்களுக்கு இது முக்கியம். பென்டோனைட்னு ஒரு வகைக் களிமண்ணைப் போட்டும் இதே வேலையைச் செய்றாங்க. சில பாட்டில்ல ‘வீகன்’னு அச்சடிச்சிருக்கே, அதுக்குக் காரணம் இதுதான்.

இனி அந்த ‘ஹெல்த்துக்கு நல்லதாமே’. இதை ரொம்ப இழுக்க வேண்டாம். சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள்ல முதல் பிரிவுல சேர்த்தது 1988-ல. ‘இவ்வளவு குடிச்சா பாதுகாப்பு’ன்னு சொல்ற அளவுன்னு ஒண்ணும் கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில அறிவிச்சாச்சு. வைனும் இதுல அடக்கம். திராட்சையில நல்ல சத்து இருக்கேன்னா, திராட்சையைச் சாப்பிடலாமே! கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு.

இப்ப வாசகியோட லிஸ்ட்டுக்கு வருவோம். அந்த மூணாவது பொருத்தத்தை ஞாபகம் வச்சிருக்கீங்களா? டானின். அது வைன்ல மட்டுமில்ல, டீயிலயும் இருக்கு. வைன் கிளாஸைப் பத்திக் கவலைப்பட்டவங்களோட தட்டுக்குப் பக்கத்துல, தினம் மூணு வேளை டானின் டம்ளர் உட்கார்ந்திருக்கு!

டானின் எச்சில்ல இருக்கிற புரதத்தை மட்டும் புடிக்கிறதில்ல. சாப்பாட்டுல இருக்கிற இரும்புச்சத்தையும் குடலுக்குள்ள புடிச்சு வச்சுக்கும். கறி, மீன்ல இருக்கிற இரும்புல ஒரு பகுதி வேற வடிவம், அது இந்த வலையில அவ்வளவா சிக்காது. கீரை, பருப்பு, தானியத்துல இருக்கிறது முழுக்க சிக்கக்கூடிய ரகம். சாதாரணமாவே அதுல கொஞ்சம்தான் உடம்புல சேரும். ரொட்டியோட கறுப்பு டீ குடிக்கவச்சுப் பார்த்த ஒரு ஆய்வு 1999-ல வந்துச்சு. இரும்பு உடம்புல சேர்றது 79-லிருந்து 94 சதவிகிதம் வரைக்கும் குறைஞ்சிருந்துச்சு! “நாங்க பால் டீதானே குடிக்கிறோம்”னு தப்பிக்க முடியாது. பால் சேர்த்தும் பெரிசா வித்தியாசம் இல்லைன்னு அதே ஆய்வு சொல்லுது. வைனும் இந்த டெஸ்ட்டுக்குத் தப்பலை. சிவப்பு வைனோட சாப்பிட்டவங்களைவிட வெள்ளை வைனோட சாப்பிட்டவங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு இரும்பு சேர்ந்ததா 1995-லயே ஒரு ஆய்வு வந்திருக்கு. காரணம், அதே டானின் குடும்பம்தான்.

இது சும்மா ஜெனரல் நாலெட்ஜ் இல்ல பாஸ். 2019-21-ல எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டுல 15-லிருந்து 49 வயசுக்குள்ள இருக்கிற பெண்கள்ல நூத்துக்கு 53 பேருக்கு ரத்தசோகை. லேடீஸ் ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு நாலு பேர்னா ரெண்டு பேர்! மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, மதியமானா கண்ணு சொருகுது, நின்னுக்கிட்டே வேலை செஞ்சா தலை சுத்துது... இதையெல்லாம் ‘நைட் ஷிப்ட்னா அப்படித்தான்’னு சொல்லிட்டு, தெம்புக்கு இன்னொரு டீ போடுறோம். எல்லாத்துக்கும் டீதான் காரணம்னு சொல்லலை. போதுமான சாப்பாடு இல்லாதது, மாதவிடாய், குடற்புழு, பி12 குறைபாடுன்னு காரணம் நிறைய. ஆனா கஷ்டப்பட்டுச் சாப்பிடுற கீரையோட பலனை நாமளே ஒரு டம்ளர்ல கரைச்சுக் குடிக்கிறோமேன்னுதான் வயிறு எரியுது.

விடியக்காலையில திருநின்றவூர் சி.டி.எச். ரோட்டுல நின்னு பாருங்க. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பொண்ணுங்க பாதித் தூக்கத்துல டீ கிளாஸோட நிப்பாங்க. அந்த நேரத்துல பசியை அடக்குறதும், தூக்கத்தை விரட்டுறதும், பர்ஸைக் கடிக்காததும் டீ ஒண்ணுதான். அவங்களைப் போய் ‘டீயை விடும்மா’ன்னு அட்வைஸ் பண்றது அநியாயம். ஒரே பிரேக், அதுலயே டிபன், அதே கவுன்டர்ல டீன்னு வச்சா, மனுஷி வேற எப்போ குடிப்பா? கேன்டீன் கமிட்டியில யாராவது இதைப் படிச்சா, டீயை அடுத்த பிரேக்குக்கு மாத்த முடியுமான்னு ஒரு வார்த்தை கேளுங்களேன். காலேஜ் மெஸ்ஸுக்கும் இதேதான். சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் குறைஞ்சது ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம்னு ஹைதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல வெளியிட்ட வழிகாட்டியிலயே இருக்கு. அஞ்சரை மணி டீ இருக்கட்டும். டிபனோட வர்ற டீயை மட்டும் தள்ளி வைங்க.

அப்போ சாப்பாட்டுக்கு ஜோடி யாரு? வைட்டமின் சி! டானின் எதை இழுத்துப் புடிக்குதோ, அதை உடம்புல சேர்த்துவிடுறது இவர்தான். இந்த ஜோடிப் பொருத்தத்தை நம்ம ஊர்ல எந்த சொமெலியேவும் வந்து சொல்லித் தரலை. மெரினாவுல ‘தேங்கா, மாங்கா, பட்டாணி சுண்டல்’னு கூவி விக்கிறாங்களே... பட்டாணியில இரும்பு, மாங்காயில வைட்டமின் சி. யோசிச்சுப் பண்ணாங்களோ இல்லையோ, பக்கா பேரிங்! வெயில் காலத்துக் கூழ் வண்டியும் அப்படித்தான். கம்புல அரிசியைவிடப் பல மடங்கு இரும்பு. கூழை முந்தின நாளே புளிக்க வைக்கிறதால, இரும்பைத் தடுக்கிற ஃபைடேட்டும் குறையுது. தொட்டுக்க மாங்காய்த் துண்டு. எனக்கு சீஸ் பிளேட்டைவிட இதுதான் கிளாஸ்.

மெஸ்ல மாங்காயும் இல்ல, கூழும் இல்லைன்னா அரை மூடி எலுமிச்சம்பழம் போதும். கூட்டு, பருப்பு, சுண்டல் எதுவா இருந்தாலும் தட்டுல விழுந்த பிறகு பிழிஞ்சுக்குங்க. அடுப்புல இருக்கும்போதே பிழிஞ்சா சூட்டுல வைட்டமின் சி போயிடும். காலையில கட்டிட்டுப் போய் மதியம் திறக்கிற லெமன் சாதத்தையும் பெரிசா நம்பாதீங்க. நெல்லிக்காய் சீசன்ல ரெண்டு நெல்லிக்காய் பாக்கெட்ல இருக்கட்டும். கொய்யா இன்னும் ஈஸி. ஆரஞ்சைவிட அதுல வைட்டமின் சி பல மடங்கு அதிகம், விலையோ கம்மி.

காரத்துக்கு? அங்கே நம்ம மோர்தான் சாம்பியன். பால் புரதம் கேப்சைசினைப் புடிச்சு நாக்கை விட்டு இறக்கிடும். பாலும் வேண்டாங்கிற வீகன் பார்ட்டிகளுக்குத் தேங்காய்ப்பால். தண்ணி குடிச்சா மட்டும் எரிச்சல் போகாது, கேப்சைசின் தண்ணியில கரையாது.

வாசகிக்கு ஒரு ஸ்பெஷல் ரிக்வெஸ்ட். பக்கத்துல இருக்கிற அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் டெஸ்ட் இலவசம்தான், ஒருவாட்டி பார்த்துடுங்க. கர்ப்பமா இல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தா ரத்தசோகை. டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தா தண்ணியிலயோ எலுமிச்சை ஜூஸ்லயோ போடுங்க. தயவுசெஞ்சு டீயோட வேண்டாம். அப்புறம், லோக்கல் ட்ரெயின்ல கொய்யாக்கூடையோட ஒரு அக்கா ஏறினா கூப்பிட்டு உட்கார வைங்க. நறுக்கி மிளகாய்த்தூள் தூவித் தருவாங்க. பத்து நிமிஷம் கழிச்சு அதே பெட்டியில டீ கேனும் வரும்.

அவரை மட்டும் அடுத்த பெட்டிக்கு அனுப்பிடுங்க!