ஓரிக்குக் கோட்டை வேண்டாம்

ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை போயிருந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் என் முதுகு தனித்தனியாக எண்ணிச் சொன்னது. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைக்கு மாலை, கூட்டம். டீக்கடையில் ஒருவர், "சிலை போதுங்களா ஐயா? ஜப்பான்காரன் மாதிரி ராஜாவுக்கு ஒரு கோட்டையே கட்டிட்டா ஊருக்கு எவ்வளவு வருமானம்!" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு டீ இறங்கவில்லை.

ஜப்பான் கோட்டைகளை நான் பார்த்திருக்கிறேன். மகன் அங்கே வேலையிலிருந்தபோது கூட்டிப்போனான். ஒசாகா கோட்டை 1931-இல் கான்கிரீட்டில் எழுப்பியது. உள்ளே லிஃப்ட், கண்ணாடிப் பெட்டிகள். மேலே போய் ஊரைப் பார்த்தேன். கோட்டையைப் பார்த்த உணர்வே வரவில்லை. ஹிமேஜி அப்படியல்ல. 1609-இல் முடித்த மரக்கோட்டை. 2009 முதல் 2015 வரை பொறுமையாகப் பழுது பார்த்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் செங்குத்தான மரப்படிகளில் மூச்சு வாங்க ஏறினேன். இறங்க மனம் வரவில்லை.

ஒசாகாவுக்காவது பழைய ஓவியம் இருந்தது. ஓரிக்கு நம்மிடம் இருப்பவை சங்கப் பாட்டுகள். அவற்றில் வில் உண்டு, கொடை உண்டு, காரியோடு பொருது மாண்ட செய்தி உண்டு. மதில் எத்தனை முழம் என்று யார் சொன்னார்கள்? சினிமா செட்டைப் பார்த்தா கட்டுவது?

நம் புதுச்சேரி மேரி கட்டடத்தை நினைத்துப் பாருங்கள். 2014 நவம்பர் மழையில் சரிந்தது. அதே அச்சில் கட்டி 2021-இல் திறந்தார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என் பிறப்பைப் பதிய அப்பா படியேறிய கட்டடம் அதுவல்ல. இடியும் முன்பே செலவழித்திருந்தால் அது நின்றிருக்கும். பராமரிப்பு என்றால் "நிதி இல்லை" என்று திரும்பும் ஃபைல், திறப்பு விழா என்றால் அன்றே கையெழுத்தாகும். அந்த ஃபைல்களை முப்பது வருடம் சுமந்தவன் சொல்கிறேன்.

இல்லாத கோட்டைக்குப் போடும் பணத்தை இருக்கும் கல்லுக்குப் போடுங்கள். மலைமேல் அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கிறது. கீழே நாமக்கல் பாறைமேல் நிஜக் கோட்டையே நிற்கிறது.

"நாமக்கல் கோட்டை ஏறியிருக்கிறீர்களா?" என்று அவரைக் கேட்டேன்.

"இல்லீங்க" என்றார்.