சென்னை அணி யாருக்குச் சொந்தம்?

ஐ.பி.எல். ஆட்டம் நடக்கும் இரவுகளில் மேல்சித்தாமூர், செஞ்சிப் பக்கத்து டீக்கடைகளில் பெஞ்சில் இடம் கிடைப்பதில்லை. மல்லாட்டைக் காட்டில் பகலெல்லாம் குனிந்து நிமிர்ந்தவனும், ஆலையில் ஷிப்டு முடித்து வந்தவனும் அங்கே நிற்கிறான். சென்னை ஜெயித்தால் "நம்ம டீம்" என்று விசில் அடிக்கிறான்.

"கூலிக்காரனுக்கு எதற்குக் கிரிக்கெட்? அது முதலாளி ஊட்டும் போதை" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். இதை நாம் ஏற்கவில்லை. உழைத்துக் களைத்தவன் நல்ல ஆட்டத்தைக் கண்டு மகிழ்வது குற்றமல்ல. ஆனால் 'நம்ம' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லைத்தான் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சாதித்தவர் யார்?

சென்னை சூப்பர் கிங்ஸ் ஐந்து முறை கோப்பை வென்ற அணி. 2010-ல் மும்பையை 22 ரன்னில் தோற்கடித்தது. 2011-ல் சேப்பாக்கத்திலேயே பெங்களூரை 58 ரன்னில் வீழ்த்தியது. 2018-ல் ஹைதராபாத், 2021-ல் துபாயில் கொல்கத்தா. 2023-ல் அகமதாபாத்தில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டியிருந்தது. ஜடேஜா ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் குஜராத்தின் கையிலிருந்து கோப்பையைப் பறித்தார்.

இந்த ஜடேஜா ஒரு காவலாளியின் மகன். அன்றைய தலைவர் தோனி கரக்பூரில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக நின்றவர். சாதனை இவர்களுடைய உழைப்பு. பத்திரம் யார் பெயரில்?

பத்திரம் பேசுகிறது

2008 ஜனவரியில் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி 9 கோடியே 10 லட்சம் டாலருக்குச் சென்னை அணியை ஏலத்தில் எடுத்தது. கம்பெனியின் நிர்வாக இயக்குநர் என். ஸ்ரீனிவாசன் அப்போது கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளர். பிறகு அதற்கே தலைவரானார். ஏலம் போடுகிறவரும் அவரே, ஏலம் எடுக்கிறவரும் அவரே! வாரியத்தின் நிர்வாகிகள் அணி வைத்துக்கொள்ள இடம் தந்த விதித் திருத்தத்தை 2015 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்று தள்ளியது.

2013-ல் சூதாட்ட வழக்கு வெடித்தது. ஸ்ரீனிவாசனின் மருமகன் குருநாத் மெய்யப்பன் கைதானார். 2015 ஜூலையில் நீதிபதி லோதா கமிட்டி அவருக்குக் கிரிக்கெட்டில் ஆயுள் தடை விதித்தது. அணிக்கு இரண்டு ஆண்டுத் தடை. 2016, 2017 இரண்டு சீசனும் சென்னை இல்லை. தோனி புனே அணிக்குப் போனார், ரெய்னா குஜராத் அணிக்குப் போனார். டீக்கடையில் நின்றவனின் விசில் ஊமையானது. வேலிக்குள் மேய்ந்தது ஒருவர் மாடு, அபராதம் கட்டியது ஊர்!

இன்னொன்றையும் ஆலைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். வழக்கு நடந்த காலத்திலேயே அணியைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தார்கள். 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் கைக்குப் போனது. 1949-ல் சங்கர்நகரில் தொடங்கிய ஆலையும், அதில் வேலை செய்யும் தொழிலாளியும் புது முதலாளிக்குப் போய்விட்டார்கள். அணி மட்டும் பழைய கையிலேயே தங்கியது. ஆலையை விடலாம், அணியை விடக் கூடாது! ஏன் என்று விளங்கவில்லையா? 2023 முதல் ஐந்து ஆண்டுக்கு ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை விலைபோனது 48,390 கோடி ரூபாய்க்கு. அந்தப் பணம் நம் கண்ணை விற்ற பணம். நாம் பார்ப்பதால்தான் அதற்கு விலை.

நம் பிள்ளைகள் எங்கே?

பெயர் சென்னை. 2023 இறுதி ஆட்டத்தில் சென்னைக்காக இறங்கியவர்களில் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் ஒருவருமில்லை. எதிரே குஜராத்துக்காக 47 பந்தில் 96 ரன் அடித்த சாய் சுதர்சன் சென்னைப் பையன்! சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் தறித் தொழிலாளியின் மகனாகப் பிறந்த நடராஜனை 2017-ல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. பிறகு ஹைதராபாத்துக்குப் பந்து வீசினார். வெளியூர் ஆட்டக்காரர் மீது நமக்குக் கோபமில்லை, அவரும் உழைப்பாளியே. நாம் கேட்பது இதுதான்: நம் ஊர்ப் பெயரை விற்கிறவர் நம் ஊருக்குத் திருப்பித் தந்தது என்ன?

நம் பையன்கள் அறுவடை முடிந்த வயலிலும் வற்றிய ஏரியிலும் குச்சி நட்டு ஆடுகிறார்கள். மழை பெய்தால் மைதானம் போச்சு, உழவு வந்தால் ஆட்டம் போச்சு.

செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள். பீஜப்பூர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எத்தனை கை மாறியது! கல் சுமந்தவன் பெயர் எந்த வாசலிலும் இல்லை. கோப்பையிலும் அப்படியே நடக்க விடலாமா?

விசில் அடியுங்கள், தோழர்களே! அதோடு கேளுங்கள்: ஊராட்சிதோறும் புறம்போக்கில் ஒரு மைதானம், ஒளிபரப்புக் கொள்ளை லாபத்தில் கிராம விளையாட்டுக்கு ஒரு பங்கு, சேப்பாக்கத்தில் கூலிக்காரன் எட்டும் விலையில் டிக்கெட். அடுத்த கிராம சபையில் முதல் கோரிக்கையை எழுதிக் கொடுங்கள். 'நம்ம டீம்' என்ற சொல் அன்றுதான் மெய்யாகும்!