பழைய சட்டத்தில் பழைய இஞ்சின்



படம் பார்த்துவிட்டு வந்த ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அமெரிக்கப் படம் ஒன்றில் மட்காட் இல்லாமல், பானட் இல்லாமல், இஞ்சின் வெளியே தெரியச் சீறிக்கொண்டு ஓடிய பழைய கார் ஒன்றைக் கண்டாராம். "ஐயா, அந்த இஞ்சின் அந்தக் காரோடு பிறந்ததா, வேறு காரிலிருந்து கழற்றி வைத்ததா? வைப்பதென்றால் எப்படி வைப்பார்கள்?" என்று கேட்கிறார். தோட்டத்தில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு அம்மாவிடம் ஏச்சு வாங்கும் தம்பிமார் பலர் இருப்பதால், இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அந்த வகைக் காருக்கு ‘ஹாட் ராட்’ என்று பெயர். தெற்குக் கலிபோர்னியாவில் மியூராக் என்ற வறண்ட ஏரிப் படுகை உண்டு. நெல் காயப்போடும் களத்தைப் போல மைல் கணக்கில் சமதரை. 1930-களில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் மலிவு விலைக்குப் பழைய போர்டு கார்களை வாங்கி, பாரமான உறுப்புகளைக் கழற்றி எறிந்து, அங்கே கொண்டுபோய் வேகம் பார்த்தார்கள். 1937-ல் அதற்கென்று ஒரு சங்கமே அமைத்துவிட்டார்கள். போர் முடிந்து திரும்பிய வாலிபர்களும் சேர்ந்துகொள்ள, 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே ஒரு மாத இதழ் வெளிவந்தது. கைப்பழக்கம் உள்ள சாதாரணப் பிள்ளைகளின் வேலை இது. பணக்காரர் விளையாட்டாகத் தொடங்கியதல்ல.

அவர்கள் உயிரை விட்ட கார் 1932-ம் ஆண்டு போர்டு. அந்த ஆண்டில்தான் எட்டு சிலிண்டர் ‘வி-8’ இஞ்சினை மலிவுக் காரில் போட்டு விற்றார்கள். 221 கன அங்குலம், 65 குதிரைத் திறன். வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும். மேலே இருக்கும் ஹெட், சட்டிக்கு மூடி போட்டது போலத் தட்டையானது. அதனால் அதைத் ‘தட்டைத் தலை’ என்பார்கள். 1946 முதல் 1948 வரை வந்த போர்டு கார்களில் அதே குடும்பத்து இஞ்சின் 239 கன அங்குலமாகி, 100 குதிரைத் திறன் கொடுத்தது. அப்புறம் என்ன? அடிபட்டுக் கிடக்கும் பிந்திய காரிலிருந்து இஞ்சினை எடுத்து 1932 சட்டத்தில் வைத்தார்கள். ஒரே குடும்பம்தான், ஆனாலும் அண்ணன் சட்டை தம்பிக்கு அப்படியே பொருந்திவிடுமா? 1937-க்குப் பிந்திய இஞ்சின்களில் தண்ணீர்ப் பம்பு பிளாக்கின் முன்பக்கம் இருக்கும். இஞ்சினைத் தாங்கும் முன்கால்களும் அந்தப் பம்புகளோடுதான். முதல் இஞ்சின்களில் பம்பு ஹெட்டில் இருந்தது. ஆகவே கால் வந்து நிற்கும் இடத்தையும் சட்டம் தாங்கும் இடத்தையும் முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. தட்டைத் தலை இஞ்சினில் புகை போகும் வழி பிளாக்கின் ஊடே, தண்ணீருக்கு நடுவே போகிறது. அதனால் சூடு அதிகம். வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையே வெடிப்பு விழுவது அதற்குப் பழைய வியாதி. வெடித்த பிளாக்கை அழகாகப் பொருத்தி என்ன பயன்?

இப்போது வைக்கிற வேலை. சுமார் 260 கிலோ எடை. சங்கிலியில் தொங்கவிட்டு இறக்கி, எங்கே உட்காருகிறதோ அங்கேயே வெல்டிங் அடிப்பவன் பிறகு வருந்துவான். முதலில் வெறும் பிளாக்கையும் கியர் பெட்டியையும் மட்டும் மரக்கட்டை கொடுத்து நிறுத்த வேண்டும். ரேடியேட்டரையும் காற்றாடியையும் வைத்துப் பார், இடைவெளி போதுமா? பின்னால் தடுப்புத் தகடு இடிக்கிறதா? ஸ்டியரிங் பெட்டி இடப் பக்கம். அதை ஒட்டியே புகைக்குழாய் வருகிறது. ஒரு அங்குலம் முன்னால் தள்ளினால் ரேடியேட்டர் இடிக்கும். பின்னால் தள்ளினால் கிளட்ச் மிதியின் வழி மறிக்கும். எல்லாம் ஒத்துப்போகும் இடம் ஒன்றுதான் கிடைக்கும். அதைத் தேடுவதற்குச் செலவழிக்கும் இரண்டு நாள்தான் வேலையில் பாதி என்பேன்.

இஞ்சின் தட்டையாகவும் நிற்கக் கூடாது. பின்பக்கம் சுமார் மூன்று டிகிரி தாழ்ந்திருக்கும். அப்படி நின்றால்தான் மேலே கார்புரேட்டர் உட்காரும் தளம் சமமாக இருக்கும். பெட்ரோல் கிண்ணம் சாய்ந்தால் இஞ்சின் இருமும்.

கால்கள் மூன்று: முன்னால் இரண்டு, கியர் பெட்டிக்கு அடியில் ஒன்று. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும் அல்லவா? சட்டம் குண்டும் குழியுமான பாதையில் முறுகும். இஞ்சினை நாலு மூலையிலும் இறுக்கிக் கட்டினால் அந்த முறுக்கு பிளாக்கிலும் காதுகளிலும் ஏறி, எங்கேயாவது ஒடியும். அந்தக் காலப் போர்டில் இன்னொரு சங்கதி உண்டு. சக்கரம் காரைத் தள்ளும் வேகம் முழுவதும் ஒரு நீண்ட குழாய் வழியாகக் கியர் பெட்டிக்கு வந்து, பின்காலில்தான் விழும். பின்கால் அற்பமானது என்று நினைத்து மெல்லிய தகட்டில் செய்தவர்கள் கெட்டார்கள்.

தம்பிமார் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கால் தாங்குவது எடையை மட்டுமல்ல. இஞ்சின் தண்டை ஒரு பக்கம் சுழற்றும்போது, தான் மறுபக்கம் உருளப் பார்க்கும். முடுக்கியை அழுத்தினால் அமெரிக்கக் காரில் ஓட்டுநர் இருக்கும் இடப் பக்கம் மேலே கிளம்பும். கால் அறுந்தால்? 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 67 லட்சம் செவ்ரலெட் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது இதனால்தான். கால் அறுந்து இஞ்சின் எழும்பியபோது முடுக்கிக் கம்பியையும் இழுத்துக்கொண்டது. ஓட்டுநர் காலை எடுத்தாலும் கார் ஓடியது. பெரிய தொழிற்சாலையிலேயே அப்படி என்றால், வீட்டுக் கொட்டகையில் செய்கிறவர் எத்தனை முறை அளக்க வேண்டும்!

காலுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மெத்தை வேண்டும். அது என்ன தெரியுமா? நம் கித்தாதான். செயற்கை ரப்பர் எத்தனையோ வந்தும், ஓயாத அதிர்ச்சியைத் தாங்கிக் கிழியாமல் நிற்பதில் மரத்துப் பாலுக்கு மதிப்பு குறையவில்லை. 1931-ல் பிளிமத் காரில் இஞ்சினை ரப்பர் மெத்தையில் மிதக்கவிட்டது அப்போது பெரிய அதிசயம். அதே நாட்களில்தான் ரப்பர் விலை விழுந்து, மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இன்று பல தோட்டங்களில் கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது. பெரட்டுக்கு எழுந்து போய் வெட்டிய பால் எங்கே போனது என்று உங்கள் வீட்டுப் பாட்டி கேட்டால், ஒரு பங்கு இஞ்சினுக்கு அடியில் போய்ப் படுத்தது என்று சொல்லுங்கள்.

கித்தாவுக்கு எதிரி எண்ணெய். எண்ணெய் பட்டால் ஊதி, கொழகொழத்துவிடும். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு தோட்டத்து லோரியில் இதைக் கண்ணால் கண்டேன். எண்ணெய்க் கசிவில் மெத்தை நைந்துபோக, யாரோ மரக்கட்டையைச் செருகி வைத்திருந்தார்கள். மேட்டில் ஏறும்போது கட்டை நழுவி, காற்றாடி ரேடியேட்டரைக் கிழித்தது. பால் பீப்பாய்களோடு லோரி பின்னால் உருண்டது. கிளீனர் அண்ணன் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்ததால் பிழைத்தோம். ஆகவே முதலில் கசிவை நிறுத்து. பிறகு மெத்தையை மாற்று.

இடம் முடிவானதும் வெல்டிங்கைப் பொட்டுப் பொட்டாக மட்டும் வைக்க வேண்டும். 1932 சட்டம் ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் போன்றது. கூடுதல் சக்தியைத் தாங்கத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்குவார்கள். ஒரே மூச்சில் அடித்தால் சூட்டில் சட்டம் வாழைப்பழம் போல வளையும். இங்கே ஒரு அங்குலம், எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம் என்று மாற்றி மாற்றி, ஆறவிட்டுப் போடுவார்கள். பாடி, ரேடியேட்டர், ஸ்டியரிங் எல்லாம் ஏற்றிப் பார்த்த பிறகுதான் முழு வெல்டிங்.

கடைசியில் பலர் மறப்பது ஒரு துண்டுக் கம்பி. ரப்பரில் மின்சாரம் பாயாது. இஞ்சினிலிருந்து சட்டத்துக்குத் தடித்த எர்த் கம்பி கட்டாவிட்டால் ஸ்டார்ட்டர் முனகும். மின்சாரம் முடுக்கிக் கம்பி வழியாகப் பாய்ந்து அதைச் சுட்டுவிடும். அந்தப் போர்டுகளில் 6 வோல்ட், அதுவும் பிளஸ் முனைதான் எர்த்து. நம் பழக்கத்தில் மாற்றிக் கட்டிவிடாதீர்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மலேசியாவிலும் சரி சிங்கப்பூரிலும் சரி, போக்குவரத்து இலாகாவின் அனுமதியில்லாமல் இஞ்சினை மாற்றி ரோட்டில் ஓட்டக் கூடாது. தம்பி, அப்பாவின் காரில் கை வைத்துவிட்டு என் பெயரைச் சொல்லாதே!

65 குதிரைக்குச் செய்த சட்டத்தில் 100 குதிரையை ஏற்றினால், கம்பியால் இழுக்கும் பழைய பிரேக் தாங்குமா? 1939-ல் போர்டுக்கு எண்ணெய் பிரேக் வந்ததும் இளைஞர்கள் அதைக் கழற்றி 1932-ல் மாட்டிய கதையை அடுத்த இதழில் எழுதுகிறேன்.